ராக்னா வீட்டு ஆலங்கட்டி

ராக்னா எதையும் பெரிதாகச் சொல்ல மாட்டாள். பெரிதாக என்ன, உள்ள அளவுக்குக்கூடச் சொல்ல மாட்டாள். தெற்கு டகோட்டாவில் நோர்டால் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் நார்வேக்காரக் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். ஆனாலும் இவள் அவர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். மூத்த பிள்ளை பிறந்தபோது இரவெல்லாம் கூட இருந்த மருத்துவச்சி, "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதற்கு, "இருக்கிறது தெரியுது" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து பெயரவில்லை.

அந்த ஊர்ப் பேச்சுக்கு ஒரு தராசு உண்டு. "மோசமில்ல" என்றால் பிரமாதம் என்று அர்த்தம். "பரவாயில்ல" என்றால் அதற்கு மேல் ஒன்று சொர்க்கத்தில்தான் இருக்க வேண்டும். "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று ஒருவர் சொன்னால், அவர் வீடு எரிந்து சாம்பலாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு நாம் பலகையும் ஆணியும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். தன் பொருளைத் தானே பெரிசு, அருமை என்று சொல்லிக்கொள்வது அங்கே சந்தையில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது மரியாதைக்கு. மூன்றாவது தடவை சொல்வதுதான் மனசில் உள்ளது. காபி வேண்டுமா என்றால் வேண்டாம், அட குடியுங்கள் என்றால் சிரமம் எதற்கு, அரைக் கோப்பையாவது என்றால் சரி. எடுப்பதற்கும் அதே கணக்குதான். உன் ஏணியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒருவன் கேட்டு, நீ இரண்டு தடவை மறுத்தால், அவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாவது பதிலுக்காக நிற்பான். பெற்ற பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷக் கோடையில் ராக்னா கல்யாணத்துக்கு நின்ற பெண். அந்த வெயிலைப் பற்றி இன்றும் அமெரிக்காவில் பேசுகிறார்கள். தானியக் கிடங்குச் சுவரில் தொங்கிய வெப்பமானியில் பாதரசம் நூற்றுப் பதினைந்து டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி நின்றது. கோழிகள் நிழலில் நின்றபடியே சரிந்து விழுந்தன. சோளத் தட்டை வெந்து சுருண்டது. ஜனங்கள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு புல்தரையில் படுத்தார்கள். வெயில் போதாதென்று வெட்டுக்கிளி வேறு வந்து, வியர்வை உப்புக்கு ஆசைப்பட்டு, வைக்கோல் முள்கரண்டியின் மரப்பிடியை அரித்துத் தின்றது. ராக்னாவின் அப்பா ஹால்வோர் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஸ்வெட்டர் தேவைப்படாது" என்றார்.

"காத்து கொஞ்சம் சூடா இருக்கு" என்றாள் அம்மா.

"வெட்டுக்கிளிக்கும் பசி போல" என்றாள் ராக்னா. அந்தக் கோடையைப் பற்றி அந்த வீட்டில் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அறுவடைக்கு வந்து சேர்ந்தான் க்ளோவிஸ் ஹாச்சர். ஒக்லஹோமாக்காரன். புழுதியில் நிலம் பறந்துபோய், பிழைக்க வழி தேடி வடக்கே வந்தவன். வாய் முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் ஹால்வோர் வீட்டில் "காபி குடிக்கிறியாப்பா?" என்று கேட்டபோது, "ஆஹா, தாங்க தாங்க, கேக்கணுமா!" என்று கோப்பையை நீட்டினான். ஹால்வோரின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. முதல் தடவையிலேயே சரி என்று சொன்ன மனிதனை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

போதாக்குறைக்கு, காபியைக் குடித்துக்கொண்டே அளக்க ஆரம்பித்தான். "எங்க ஊர்க் காத்து இருக்கே, ஒரு தடவ அடிச்ச அடியில எங்க கிணறே நாலடி கிழக்க நகந்துடுச்சு. அப்புறம் வீட்ட நகத்திக் கிணத்துக்கிட்ட வெச்சோம்" என்றான். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. ராக்னா மட்டும் ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு பால் அறைக்கு ஓடினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்துவிட்டது. மறுவருஷம் அவனைக் கட்டிக்கொண்டாள். பாதிரியார் மேடையில் கேட்ட கேள்விக்கு அவள் "சரி" என்று சொல்ல, க்ளோவிஸ் "சரி, சரி, ஆயிரம் தடவ சரி!" என்று கத்தியதில் பின்வரிசையில் இருவர் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

ஊரார் அவனை ஏற்றுக்கொண்டார்கள். பாடுபடுகிறவன், கைவேலை தெரிந்தவன், யார் வீட்டில் கூரை பறந்தாலும் முதலில் போய் நிற்பவன். ஆனால் அவன் வாயிலிருந்து வரும் எதையும் நம்புவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். காபிக்கடையில் ராக்னாவின் சித்தப்பா ஐனார்தான் அதற்குத் தலைவர். க்ளோவிஸ் ஒன்றைச் சொன்னால், ஐனார் அதை நாலால் வகுத்து, அதிலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் காதில் வாங்குவார். அதில் தப்பும் இல்லை. வாயைத் திறந்தால் வானத்தை வில்லாக வளைக்கிறவனை வேறு என்ன செய்வது?

ஆனால் ஒரே ஒரு கதை பொய் இல்லை. ஒக்லஹோமாவில் முப்பத்தைந்தாம் வருஷம் வந்த மண் புயல். பட்டப்பகலில் கறுப்பு மலை ஒன்று உருண்டு வருவதுபோல் வந்தது, தன் கையே தனக்குத் தெரியவில்லை, பொழுது சாய்ந்துவிட்டதென்று கோழிகள் போய் அடைந்துகொண்டன என்று க்ளோவிஸ் சொல்வான். கோழி வரைக்கும்தான் சொல்ல முடியும். கோழி வந்ததும் ஐனார் கோப்பையைக் கீழே வைத்து, "இங்கயும் அந்த வருஷம் கொஞ்சம் தூசி இருந்துச்சு மாப்பிள்ள" என்பார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் பன்றி விலைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். பதினைந்து பதினாறு வருஷமாக அந்தக் கதை கோழியிலேயே நின்றுகொண்டிருந்தது. கோழிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது ராக்னா ஒருத்திக்குத்தான் தெரியும். ஒருநாள் பால் கறந்துகொண்டிருக்கும்போது அவளிடம் சொல்லியிருந்தான். அப்போது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

அவனை நம்பாமல் ஊர் சிரிக்கும்போதெல்லாம் ராக்னாவுக்கு வயிறு எரியும். ஆனால் புருஷன் சொன்னது நிஜம் என்று நாலு பேர் நடுவில் எழுந்து சொல்வதும் பெருமையடிப்பதில்தானே சேர்த்தி? மென்று விழுங்கிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஜூலை மாதம், வியாழக்கிழமை பிற்பகல், மேற்கே வானம் பாசி பிடித்த குளம் மாதிரி பச்சையாயிற்று.

காற்று அடங்கிப்போனது. ஒரு குருவி கத்தவில்லை. "இது நல்லதுக்கில்ல, உள்ள வா!" என்று க்ளோவிஸ் கத்த, இருவரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிக் கதவைப் பூட்டினார்கள். மேலே தகரக் கூரையில் முதலில் பட்டாணி கொட்டுவதுபோல் கேட்டது. அப்புறம் உருளைக்கிழங்கு. அப்புறம் யாரோ வீட்டைக் கல்லால் அடிக்கிறார்கள் என்று சின்னவள் அழ ஆரம்பித்தாள். கால் மணி நேரம் அப்படி அடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வெயில் வந்தது.

வெளியே வந்து பார்த்தால் ஓட்ஸ் பயிர் பாதி, பாய் விரித்ததுபோல் தரையோடு தரையாகக் கிடந்தது. சமையலறை ஜன்னல் இல்லை. க்ளோவிஸின் லாரிக் கூரையில் சட்டி சட்டியாகக் குழிகள். எண்பதைத் தொட்ட ஹால்வோர் பக்கத்து வீட்டிலிருந்து நடந்து வந்து பயிரைப் பார்த்தார். "அறுக்கிற வேலை கொஞ்சம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்போது க்ளோவிஸ் தோட்டத்திலிருந்து அலறினான். ரூபார்ப் கீரைப் பாத்தியின் நடுவில் அண்டா புதைக்கத் தோண்டியதுபோல் ஒரு குழி. குழிக்குள் ஓர் ஆலங்கட்டி. முட்டைக்கோஸ் அளவு இருந்தது. சுற்றிலும் முண்டும் முடிச்சுமாக, உள்ளே வெள்ளை வளையங்களோடு, அங்கேயே முளைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் வைத்துப் பார்த்தான் க்ளோவிஸ். தொப்பிக்குள் போகவில்லை.

"ராக்னா! இத மாதிரி இந்த நாட்டுலயே விழுந்திருக்காது! சொல்லேன், எப்படி இருக்கு?"

ராக்னா பார்த்தாள். இது தலையில் விழுந்திருந்தால்? அவள் கண்ட ஆலங்கட்டியெல்லாம் இதன் முன் கடுகு. "சூப் சட்டியில அடங்காது போல" என்று ஏதோ உளறிச் சமாளிக்கிற பெண் இல்லை அவள். நிதானமாக யோசித்து, "துணியில சுத்தி வெப்போம், வழுக்கும்" என்றாள்.

மின்சாரம் வந்த கையோடு வாங்கிய ஃப்ரீசர் பெட்டி ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. அதில் பன்றி இறைச்சிக்கும் பட்டாணிக்கும் நடுவில், பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி ஆலங்கட்டியைப் படுக்கவைத்தார்கள். க்ளோவிஸ் அதை நிறுக்கவும் இல்லை, அளக்கவும் இல்லை. "நான் நிறுத்தா நான்தான் தராசுல கை வெச்சேம்பானுங்க. ஆபீசர் வந்து அளக்கட்டும்" என்று சொல்லி, நகரத்து வானிலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினான். சனிக்கிழமை ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காபிக்கடைக்குப் போய்ச் சேதியை அவிழ்த்துவிட்டான். ஐனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எங்க வீட்டுலயும் விழுந்துச்சு மாப்பிள்ள. கோழிமுட்டை அளவு. அதுவும் இளங்கோழி" என்றார். எல்லாருடைய தோளும் குலுங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் அதற்குப் பெயர் வெடிச் சிரிப்பு.

க்ளோவிஸ் வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். "சிரிக்கட்டும். நாளைக்கு சர்ச்சுல ஐஸ்கிரீம் விருந்து. ஊரே இருக்கும். ஆபீசரை நேரா அங்கயே கூட்டிட்டு வரேன். எல்லாரும் பாக்க மேசையில தூக்கி வெக்கிறேன். ஒரே ஒரு தடவ, ராக்னா. ஒரே ஒரு தடவ இவங்க வாயால, ஆமா க்ளோவிஸ் சொன்னது நிஜம்னு கேட்டுட்டா போதும். அதுக்கப்புறம் நான் சொல்ற கிணத்துக் கதையெல்லாம் அவங்க நம்ப வேண்டாம்" என்றான். அவள் அவன் தோளில் இருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அவன் ஆசை நன்றாகவே புரிந்தது.

சனிக்கிழமை காலை க்ளோவிஸ் லாரியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். புயலோடு வந்த வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் போய்விட்டதால் ஆபீசரின் கார் அக்கரையோடு நிற்க வேண்டும். படகில் கூட்டிவந்து லாரியில் ஏற்ற வேண்டும். அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியது தோரா. ராக்னாவின் அண்ணன் மனைவி, சபை மாதர் சங்கத்தின் தலைவி. தோரா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டு வேலை பாதி பயந்தே முடிந்துவிடும்.

"ராக்னா, ஐஸ் வண்டி வரல. பாலம் போச்சுல்ல? அங்க நாலு வாளி ஐஸ்கிரீம் கலவை திரியக் காத்துட்டிருக்கு. வாளியச் சுத்திப் போட ஐஸ் வேணும். உன் பெட்டியில என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஃப்ரீசரின் மூடியைத் தூக்கிவிட்டாள். தட்டுத் தட்டாக உறைந்திருந்த ஐஸையெல்லாம் எடுத்துத் தொட்டியில் போட்டாள். போதவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். துணி மூட்டை வந்தது. பிரித்துப் பார்த்தாள்.

"இதென்ன, சட்டியோட தண்ணிய உறைய வெச்சியா? கோணலா இருக்கு. இருக்கட்டும், உடைக்கத்தானே போறோம்."

தோராவைக் குற்றம் சொல்லக் கூடாது. வானத்திலிருந்து அப்படி ஒன்று விழும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. க்ளோவிஸின் ஆலங்கட்டியைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். கேள்விப்பட்டு, ஊர் வழக்கப்படி வகுத்து, ஒரு வாதுமைக்கொட்டை அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"அது வேண்டாம் அண்ணி" என்றாள் ராக்னா.

"எதுக்குக் கூச்சம்? சபைக்குத்தானே குடுக்கற."

"விட்டுடுங்க அண்ணி. அது சரிப்படாது."

தோரா கட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். முறை தெரிந்தவள். மூன்றாவது பதிலுக்காகக் காத்தாள்.

மூன்றாவது வேண்டாம் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். ராக்னா வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? இது என் வீட்டுக்காரரின் ஆலங்கட்டி, இந்த நாட்டிலேயே பெரிசு, இதை அளக்க அரசாங்க ஆபீசர் வருகிறார் என்றா? ஐஸுக்குத் தவிக்கிற சபையின் தலைவி முன்னால் நின்றுகொண்டு, என் பொருள் ரொம்பப் பெரிசு, அதனால் தர மாட்டேன் என்றா? அவள் அம்மா, அம்மாவின் அம்மா, கப்பலேறி வந்த அத்தனை பேரும் அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சாக்கு கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள்.

தோரா கட்டியைச் சாக்கில் போட்டு, வாசற்படியில் வைத்து, மரச் சுத்தியலால் அடித்தாள். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. "கல்லு மாதிரி இருக்கே!" என்று முணுமுணுத்துக்கொண்டு இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டாள். அப்புறம் நொறுங்கியது. கார் போன பிறகு ராக்னா அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அழுதாள் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. கண் கொஞ்சம் ஈரமாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

அவனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் சர்ச்சுக்குப் போனாள். ஆனால் அவன் வந்த வேகம் என்ன, கூட்டம் என்ன! வானிலை ஆபீசர் ப்ரூயிட், தோல்பையில் தராசும் அளவுகோலுமாக வந்து இறங்கினார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். சர்ச்சின் கீழ்க்கூடத்தில் காபி நீட்டியபோது முதல் தடவையிலேயே "சரி" என்று வாங்கிக்கொண்டார். இன்னொரு க்ளோவிஸ் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள்.

க்ளோவிஸ் சும்மா இருப்பானா? "குடு, நான் சுத்தறேன்" என்று ஐஸ்கிரீம் வாளியின் கைப்பிடியைத் தோராவிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். உப்பும் உடைந்த ஐஸும் கடகடவென்று உருள, சுற்றிக்கொண்டே ஆபீசருக்குத் தன் ஆலங்கட்டியை வர்ணித்தான். ராக்னா அவன் பின்னால் வந்து சட்டையை இழுத்தாள்.

"க்ளோவிஸ், ஒரு நிமிஷம்."

"இரு ராக்னா, கெட்டியாகுது பாரு! சார், அது உள்ள வளையம் வளையமா இருக்கும். அப்படியே வெங்காயம் மாதிரி!"

அவன் கண்ணெதிரே, அவன் கையாலேயே, அந்த வளையங்கள் உப்புத்தண்ணீராகி வாளியின் ஓட்டை வழியே சொட்டிக்கொண்டிருந்தன. ராக்னாவுக்கு நின்ற இடத்தில் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஐஸ்கிரீம் பரிமாறினார்கள். க்ளோவிஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். "இத்தன கெட்டியா இந்த சர்ச்சுல நான் சாப்பிட்டதே இல்ல!" என்றான். அந்த ஒரு விஷயத்தில் அவன் மிகைப்படுத்தவில்லை.

கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். "எல்லாரும் இருங்க. இப்ப நான் வீட்டுக்குப் போயி அத எடுத்துட்டு வந்து இந்த மேசையில வெக்கப் போறேன். சார் அளப்பாரு. எல்லாரும் பாருங்க."

"நிதானமா போ மாப்பிள்ள. வழியில சட்டைப்பையில கரைஞ்சுடப் போகுது" என்றார் ஐனார். தோள்கள் குலுங்கின.

க்ளோவிஸின் காது சிவந்தது. "சித்தப்பா, கிணத்துக் கதை பொய்தான். ஒத்துக்கறேன். ஆனா இது நிஜம்."

"போக வேண்டாம் க்ளோவிஸ்" என்றாள் ராக்னா. "அது அங்க இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஐஸ் பத்தலன்னு தோரா அண்ணி வந்தாங்க. நான் ரெண்டு தடவ வேண்டான்னேன். மூணாவது தடவ சொல்லல." அவள் ஏப்ரன் நுனியை முறுக்கினாள். "நீ சுத்தினியே, அந்த வாளியில இருந்துச்சு."

க்ளோவிஸ் வாளியைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேச்சில்லாமல் உட்கார்ந்து ராக்னா பார்த்ததில்லை.

"நல்லதாப் போச்சு" என்றார் ஐனார். "ஆதாரத்த நாமளே தின்னுட்டோம். இனிமே அது பூசணிக்காய் அளவுன்னாலும் கேள்வி கேக்க முடியாது." இந்தத் தடவை இரண்டு பேர் வாய்விட்டே சிரித்துவிட்டார்கள்.

க்ளோவிஸ் தலையைத் தூக்கவில்லை. அவன் கழுத்துப் பின்புறம், வெயிலில் வெந்த அந்தச் சிவப்புக் கழுத்து, குனிந்து கிடந்ததைப் பார்த்ததும் ராக்னாவுக்குள் எதுவோ அறுந்தது. இவ்வளவு நாள் இவனை விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. முகம் சிவக்க, கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"பெரிசு" என்றாள்.

சிரிப்பு நின்றது. யார் பேசியது என்று பார்ப்பவர்கள்போல் ஜனங்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"என்னம்மா சொன்ன?" என்றார் ஐனார்.

"அது பெரிசு சித்தப்பா."

ஐனார் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். கையை அவர் கீழே இறக்கவில்லை. முறை தெரிந்த மனிதர். காத்திருந்தார்.

ராக்னா மூச்சை இழுத்துக்கொண்டாள். "மூணாவது தடவையும் சொல்றேன். பெரிசு."

ஐனார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஹால்வோர் எழுந்து நின்று மகளைப் பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். முப்பத்தாறாம் வருஷக் கோடையையே "வெட்டுக்கிளிக்கும் பசி போல" என்று முடித்த பெண் இவள். பிள்ளைப்பேற்றையே "தெரியுது" என்றவள். அவள் வாயில் பெரிசு வந்தால், மூன்று தடவை வந்தால், அந்தப் பொருள் என்ன அளவு இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் பெருக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வகுத்துத்தான் பழக்கம். பெருக்குவது புதுசு.

"ஐயோ!" என்று தோரா நெஞ்சில் கையை வைத்தாள். "அதுவா ஆலங்கட்டி? ரெண்டு கையாலயும் ஓங்கி அடிச்சேனே, இப்பவும் தோள் வலிக்குதே! கடவுளே, நான் அத சட்டி ஐஸுன்னு நெனச்சேன்!"

ப்ரூயிட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மன்னிக்கணும். அளக்காம நான் எதையும் பதிவு செய்ய முடியாது. இந்தம்மா அளவே சொல்லலியே" என்றார்.

கூடம் மொத்தமும் அவரை முறைத்தது.

"யோவ், அவதான் சொல்லிட்டாளே!" என்று ஐனார் குரலை உயர்த்தினார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "மூணு தடவ சொல்லிட்டா! இன்னும் என்னய்யா அளவு வேணும் உனக்கு?"

ஆபீசர் தோல்பையை மூடிக்கொண்டார். அவர் பதிவேட்டில் நோர்டால் ஆலங்கட்டி ஏறவே இல்லை. அதைப் பற்றி அன்று அங்கே யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஐனார் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் க்ளோவிஸுக்கு எதிரில் போட்டார்.

"மாப்பிள்ள. அந்த மண் புயல். கோழியெல்லாம் பகல்லயே அடைஞ்சுடுச்சுன்னு சொல்வியே."

"ஆமா சித்தப்பா."

"அப்புறம் என்ன ஆச்சு?"

க்ளோவிஸ் நிமிர்ந்தான். ராக்னாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் மெதுவாகச் சொன்னான். கையை வீசவில்லை, குரலை ஏற்றவில்லை. அம்மா ஜன்னலுக்கெல்லாம் ஈரத் துணி கட்டியதையும், துணி சேறாகிப் போனதையும் சொன்னான். ஆறு வயசுத் தங்கை ஓப்பல் அன்று ராத்திரி இருமத் தொடங்கியதையும், மண் நெஞ்சில் இறங்கிவிட்டதென்று டாக்டர் சொன்னதையும், மே மாதம் அவளைப் புதைத்ததையும் சொன்னான். குழி தோண்டும்போதும் காற்று நிற்கவில்லை என்றான். இங்கேயும் கொஞ்சம் தூசி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

முடித்ததும் ஐனார் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.

"அது கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார். பிறகு எழுந்து போய், தானே கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "காபி குடி மாப்பிள்ள."

"வேண்டாம் சித்தப்பா."

"கொஞ்சம் குடி."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"அரைக் கோப்ப."

"சரி" என்றான் க்ளோவிஸ். ஐனார் விளிம்புவரை ஊற்றினார். பக்கத்தில் தோரா மூக்கைச் சிந்திக்கொண்டு, மிச்சமிருந்த ஐஸ்கிரீமை வழித்து அவன் கிண்ணத்தில் போட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில், சட்டி சட்டியாகக் குழி விழுந்த லாரியில் இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். பின்னால் பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வழிவரை க்ளோவிஸ் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவனால் முடியவில்லை.

"ராக்னா, அது நிஜமாவே பெரிசுதானே?"

"சொன்னேனே."

"இன்னொரு தடவ சொல்லேன். எனக்கு மட்டும்."

ராக்னா ஜன்னலுக்கு வெளியே, தரையோடு படிந்து கிடந்த ஓட்ஸ் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

"மூணுக்கு மேல சொன்னா பெருமையடிக்கிறதாயிடும்" என்றாள்.